லாக் ஆர்டை உடைச்சது புயலா? விக்டோரியா கரையில போன கப்பல்களோட கதை

கேட்டிருந்த கேள்வி இதுதான்: "ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல ஒரு கடற்கரைக்கு ஷிப்ரெக் கோஸ்ட்னே பேரு வச்சிருக்காங்க, நூத்துக்கணக்குல கப்பல் உடைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. அங்க அவ்வளவு பெரிய புயலா அடிக்கும்? லாக் ஆர்ட் கப்பல்ல ரெண்டே ரெண்டு பேரு தப்பிச்ச கதை நெஜமா, இல்ல டூரிஸ்ட்டுக்காக கட்டி விட்டதா?"

ரெண்டாவதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், கதை நெஜம், கீழ விவரமா எழுதுறேன். மொத கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமா போகணும். நான் பல வருஷம் சரக்குக் கப்பல்ல டெக் ஆபீசரா வேலை பாத்தவன், ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவுல இருக்கிற அந்த பாஸ் ஸ்ட்ரெயிட்டுங்கற கடல் சந்து வழியா போயிருக்கேன், அந்த கரையில நடந்தும் பாத்திருக்கேன், அதனால இத பத்தி தேடித்தேடிப் படிச்சது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. படிக்க படிக்க எனக்கு தெளிவா ஆன விஷயம் என்னன்னா, அங்க கப்பல் போனதுக்கெல்லாம் புயல் மேலயே பழி போடுறது சரியில்ல. புயல் அடிக்கும், அலை பயங்கரம், அதெல்லாம் இல்லன்னு சொல்லல. ஆனா பேர் வாங்குன கப்பல்கள ஒவ்வொண்ணா எடுத்து பாத்தீங்கன்னா பாதிக்கு மேல பனிமூட்டத்துலயோ காத்தே இல்லாத ராத்திரியிலயோ போயிருக்கு. நாம இப்ப எங்க இருக்கோம்னு கப்பல்ல இருந்தவங்களுக்குத் தெரியல, அதுதான் வேர்க்காரணம்.

அந்த எடத்தோட அமைப்ப மொதல்ல புரிஞ்சுக்கணும். கேப் ஆட்வேலேர்ந்து மேற்கே போர்ட் ஃபேரி வரைக்கும் சுமார் 130 கிலோமீட்டர், அதைத்தான் ஷிப்ரெக் கோஸ்ட்னு சொல்றாங்க. சுண்ணாம்புப் பாறை செங்குத்தா கடல்ல எறங்கும், மேற்கயும் தெற்கயும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு குறுக்க நிலமே கெடையாது, அதனால தென்கடல்ல என்னைக்கோ எங்கயோ அடிச்ச காத்துல கெளம்புன அலை எதுலயும் மோதாம ஓடி வந்து நேரா இந்தப் பாறையில வந்து விழும். உள்ளூர்ல காத்தே இல்லாத நாள்லகூட அந்த நீள அலை வந்துக்கிட்டே இருக்கும். இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1851ல விக்டோரியாவுல தங்கம் கெடைச்சுது. அதுக்கப்புறம் பத்தே வருஷத்துல அந்த காலனியோட ஜனத்தொகை 77,000 சொச்சத்துலேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம் பக்கம் போயிடுச்சு, அத்தனை பேரும் கப்பல்லதான் வந்தாங்க, அவங்களுக்கு வேணுங்கிற சாமானும் கப்பல்லதான் வந்துச்சு. இங்கிலாந்துலேர்ந்து கெளம்புற கப்பல் அட்லாண்டிக்ல எறங்கி, ஆப்பிரிக்காவுக்கு நல்லா தெற்கே போய், தெற்கு அட்சரேகை 40 டிகிரிக்குக் கீழ அடிக்கிற அந்த பலமான மேற்குக் காத்த புடிச்சுக்கிட்டு கெழக்க ஓடும். அந்த காத்துக்கு ரோரிங் ஃபார்ட்டீஸ்னு பேரு. வேகம் கெடைக்கும், சந்தேகமே இல்ல. ஆனா வாரக்கணக்குல ஒரு துண்டு நெலம் கண்ணுல படாது. நம்ம கணக்கு சரியா தப்பான்னு ஒத்துப் பாக்க ஒரு தீவு, ஒரு மலை, ஒரு வெளக்கு எதுவுமே கெடையாது.

அப்படி ஓடி வந்த கப்பல் மெல்போர்ன் போகணும்னா பாஸ் ஸ்ட்ரெயிட்டுக்குள்ள நுழையணும். வடக்க கேப் ஆட்வே, தெற்க கிங் ஐலண்ட், ரெண்டுக்கும் நடுவுல சுமார் 90 கிலோமீட்டர் வாசல். படிக்கும்போது 90 கிலோமீட்டர் பெருசா தெரியும். மூணு மாசமா நெலத்தையே பாக்காத கப்பலுக்கு அது ஒண்ணுமே இல்ல, அட்சரேகையில முழுசா ஒரு டிகிரிகூட வராது. கொஞ்சம் வடக்க தப்புனா ஆட்வே பக்கத்துப் பாறை, கொஞ்சம் தெற்க தப்புனா கிங் ஐலண்டோட மேற்குக் கரை. அந்த காலத்து மாலுமிங்க இத ஊசியில நூல் கோக்குறதுன்னுதான் சொல்லுவாங்க.

சரி, எங்க இருக்கோம்னு எப்படித்தான் கண்டுபிடிச்சாங்க? வடக்கு தெற்கு கணக்குக்கு மத்தியானம் சூரியன் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு செக்ஸ்டன்ட்ல அளப்பாங்க. கெழக்கு மேற்கு கணக்குக்கு சூரியனோட சேத்து நேரமும் வேணும், அதுக்குத்தான் க்ரோனோமீட்டர், கிரீன்விச் நேரத்த காட்டுற ஒரு உசத்தியான கடிகாரம், பெட்டிக்குள்ள பத்திரமா வச்சு தெனமும் ஒரே நேரத்துல சாவி குடுப்பாங்க. இப்ப ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க. பூமி ஒரு நிமிஷத்துல கால் டிகிரி சுத்துது, ஆட்வே இருக்கிற அட்சரேகையில அந்த கால் டிகிரிங்கறது 21, 22 கிலோமீட்டர். கடிகாரம் ஒரு நாளைக்கு அரை செகண்ட் நமக்குத் தெரியாம தப்பா ஓடுனாலே 90 நாள்ல 45 செகண்ட் ஆயிடும், கப்பல் நாம நெனைச்ச எடத்துலேர்ந்து 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இதுவும் சூரியன் தெரிஞ்சாத்தான். மே மாசத்துலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் அங்க குளிர்காலம், நாலு நாள் அஞ்சு நாள் வானமே மூடிக்கிட்டு கெடக்கும், அப்ப எந்த கருவியும் உதவாது. கடைசியா பாத்த எடத்துலேர்ந்து இவ்வளவு வேகம், இந்த திசை, இத்தனை மணி நேரம்னு பெருக்கி குத்துமதிப்பா ஒரு புள்ளி வைப்பாங்க. கடல் நீரோட்டம் அடியில சைடு வாங்கியிருந்தா அந்தப் புள்ளிக்கு அர்த்தமே இல்ல.

இன்னொரு வில்லன் காம்பஸ். மரக்கப்பல் போயி இரும்புக் கப்பல் வந்தப்ப கப்பலே ஒரு காந்தம் மாதிரி ஆயிடுச்சு. இங்கிலாந்துல வச்சு காம்பஸ சரி பண்ணி அனுப்புனாலும், பூமத்திய ரேகைய தாண்டி தெற்க வந்ததும் அந்த இரும்போட காந்த கொணம் மாறும், அதனால பிழையும் மாறும். இத சரிக்கட்ட இன்னிக்கும் கப்பல் காம்பஸுக்கு முன்னாடி ஒரு குழாய்க்குள்ள இரும்புத் தண்டு நிக்க வச்சிருப்போம், அதுக்குப் பேரு ஃப்ளிண்டர்ஸ் பார். மேத்யூ ஃப்ளிண்டர்ஸ் நெனவா வச்ச பேரு, அவரும் ஜார்ஜ் பாஸும்தான் 1798-99ல டாஸ்மேனியாவ முழுசா சுத்தி வந்து அங்க ஒரு ஸ்ட்ரெயிட் இருக்குன்னே நிரூபிச்சவங்க. அதே வாசல்ல பின்னாடி எத்தனையோ கப்பலுக்கு காம்பஸ் கைவிட்டுச்சுங்கறத நெனைச்சா மனசு கஷ்டமாயிருக்கும்.

இதோட பாய்க்கப்பலோட ஒரு பலவீனத்தையும் சேத்துக்கோங்க. சதுரப் பாய் கட்டுன கப்பலால காத்துக்கு எதிரா நேரா போகவே முடியாது, கோணம் புடிச்சு வளைஞ்சு வளைஞ்சுதான் போகும், அதுலயும் பாதி தூரம் பக்கவாட்டுல நழுவிக்கிட்டே இருக்கும். காத்து கரைய பாத்து தள்ளுது, கரை கிட்ட வந்துடுச்சு, திரும்ப எடம் இல்லன்னா நங்கூரத்த எறக்குறது ஒண்ணுதான் வழி. நங்கூரம் புடிக்கலன்னா முடிஞ்சுது. காத்து சுத்தமா நின்னு போனாலும் இதே கதிதான், பாய் தொங்கும், கப்பல் சொன்ன பேச்சு கேக்காது, மேல சொன்னேன்ல அந்த நீள அலை, அது மெல்ல மெல்ல கரைக்கு தூக்கிட்டு போயிடும்.

இப்ப கப்பல்களுக்கு வருவோம். புயல்ல போனதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், கடாரகி. 1845 ஏப்ரல்ல லிவர்பூல்லேர்ந்து குடியேற வந்த குடும்பங்கள ஏத்திக்கிட்டு கெளம்புன கப்பல், பெரும்பாலும் ஏழைங்க, கைக்கொழந்தைங்க நெறைய. ஆகஸ்ட் மாசம் வாசல் கிட்ட வந்தப்ப நாலு நாளா சூரியனே தெரியல. காத்து பலமா அடிக்குதுன்னு கேப்டன் கிறிஸ்டோபர் ஃபின்லே ராத்திரி கப்பல நிறுத்தி வச்சிருந்தாரு, அது சரியான முடிவு. ஆனா கிங் ஐலண்ட் இன்னும் ரொம்ப தூரத்துல இருக்குன்னு நெனைச்சு விடியறதுக்குள்ளயே மறுபடி பாய் விரிச்சு ஓட்டச் சொன்னாரு. ஆகஸ்ட் 4 விடிகாலை இருட்டுல தீவோட தென்மேற்குப் பாறையில போய் இடிச்சுது. கரை 100, 150 மீட்டர்தான். அந்த 150 மீட்டர தாண்ட முடியாம ரெண்டு நாளுக்குள்ள சுமார் 400 பேரு செத்துப் போனாங்க, பொழைச்சது 9 பேரு, அதுல குடியேற வந்தவங்கள்ல ஒரே ஒரு ஆளு, சாலமன் பிரவுன், மத்தவங்க எல்லாம் கப்பல் ஆளுங்க. ஆஸ்திரேலியாவுல போர் இல்லாத காலத்துல நடந்த கடல் விபத்துல இன்னிக்கு வரைக்கும் மோசமானது இதுதான். தீவுல இருந்த டேவிட் ஹோவிங்கற ஒருத்தரு அவங்கள கண்டு சோறு போட்டு அஞ்சு வாரம் காப்பாத்துனாரு, கரை ஒதுங்குன ஒடம்புங்கள எல்லாம் சேத்து பெரிய குழியா வெட்டி அடக்கம் பண்ணுனதும் அவரும் அவரோட ஆளுங்களும்தான். இங்க புயல் இருந்துச்சு, மறுக்கல. ஆனா கேப்டன் வச்ச புள்ளி சரியா இருந்திருந்தா அந்த புயல்லயும் கப்பல் பொழைச்சிருக்கும்.

கடாரகிக்கு அப்புறந்தான் அரசாங்கம் வேகமா எறங்குச்சு, 1848ல கேப் ஆட்வேல கலங்கரை விளக்கம் எரிய ஆரம்பிச்சுது. ஆஸ்திரேலிய பெருநிலத்துல இன்னிக்கு நிக்கிறதுலயே பழசு அதுதான். மூணு மாசம் கழிச்சு மொத மொதல்ல கண்ணுல படுற வெளிச்சம் அதுதாங்கறப்ப அந்த ஜனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. ஆனா வாசலோட தெற்குப் பக்கம் இருட்டாவே கெடந்துச்சு. அங்கயும் ஒரு வெளக்கு வைக்கலாமான்னு பேச்சு வந்தப்ப எதிர்ப்பு கெளம்புச்சு, ஒண்ண பாத்து இன்னொண்ணுன்னு கேப்டனுங்க ஏமாந்துடுவாங்கன்னு. கடைசியில 1861ல கிங் ஐலண்டோட வடக்கு முனையான கேப் விக்காம்ல 48 மீட்டர் உயர வெளக்கு வந்துச்சு, அந்த நாட்டுலயே உயரமானது அதுதான். பயந்த மாதிரியே அத ஆட்வேன்னு தப்பா நெனைச்சு தெற்குப் பக்கம் திரும்புன கப்பலும் உண்டு. 1866ல நெதர்பிங்கற கப்பல் அதே தீவுல இடிச்சுது, 450 பேருக்கு மேல இருந்தாங்க, ஆச்சரியமா அத்தனை பேரும் பொழைச்சாங்க. 1874ல பிரிட்டிஷ் அட்மிரல்ங்கற கப்பல் இடிச்சப்போ 79 பேரு போயிட்டாங்க. வெளக்கு வச்சுட்டா போதும்னு இல்ல, எந்த வெளக்குன்னு தெரியணும்.

ஷோம்பெர்க் பத்தி சொல்லாம விட முடியாது, ஏன்னா புயல் வாதத்துக்கு நேர் எதிர் உதாரணம் அதுதான். 1855ல அபர்டீன்ல கட்டுன புத்தம்புது க்ளிப்பர், அதாவது வேகத்துக்குன்னே கட்டுன பாய்க்கப்பல், மொதல் பயணம், கேப்டன் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் அந்த காலத்துல வேகத்துக்கே பேர் போனவரு. 60 நாள்ல மெல்போர்ன்னு சொல்லிட்டு கெளம்புனாரு. 80 நாள் தாண்டியும் வந்து சேரல. டிசம்பர் 26 ராத்திரி, கோடைகாலம், காத்து செத்துப் போச்சு, நீரோட்டம் இழுத்துட்டு போய் இப்ப பீட்டர்பரோ இருக்கிற எடத்துக்கு பக்கத்துல மணல் திட்டுல ஏத்திடுச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, மறுநாள் காலைல அந்த வழியா வந்த குயின்ங்கற ஸ்டீமர் எல்லாரையும் ஏத்திக்கிச்சு. பயணிங்க கேப்டன் மேல கோவமா பொகார் சொன்னாங்க, கப்பல் கரைய நெருங்குதுன்னு சொன்னப்பகூட சீட்டாட்டத்த விட்டு எந்திரிக்கலன்னு. ஆனா அந்த மணல் திட்டு வரைபடத்துலயே இல்லன்னு சொல்லி அவர விடுவிச்சுட்டாங்க. ரெண்டும் உண்மையா இருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது. மாப்ல இல்லாத திட்டுக்கு கேப்டன் பொறுப்பில்ல, ஆனா ராத்திரியில காத்து விழுந்து கரை கிட்ட வரும்போது டெக் மேல நிக்கிறது கேப்டனோட வேலை. 1975ல அந்த உடைஞ்ச கப்பல்லேர்ந்து எடுத்த ஒரு இறுகிப்போன கட்டிக்குள்ள வைர மோதிரம் ஒண்ணு இருந்துச்சு. யாரு போட்டிருந்ததோ.

எல்லைக்கு அந்தப் பக்கம், சவுத் ஆஸ்திரேலியாவுல நடந்தது அட்மெல்லா, ஆனா அதே கடல், அதே காரணம். அடிலெய்ட்லேர்ந்து மெல்போர்ன் வந்த இரும்பு நீராவிக் கப்பல், 1859 ஆகஸ்ட் 6 விடிகாலைல கரைக்கு ஒண்ணரை கிலோமீட்டர் தள்ளி பாறைத்திட்டுல ஏறி மூணு துண்டா ஒடைஞ்சுது. நீரோட்டம் தள்ளுனதும் காம்பஸ் பிழையும்னு பேசுனாங்க. 113 பேரு. ஒடைஞ்ச துண்டு மேல தொத்திக்கிட்டு ஒரு வாரம் இருந்தாங்க, ஒரு வாரம்! கரை தெரியுது, கரையில மூட்டுன தீ தெரியுது, தூரத்துல கப்பல் போறது தெரியுது, அது நிக்காம போறதும் தெரியுது. ரெண்டு மாலுமிங்க எப்படியோ கரை சேந்து நடந்தே போய் கேப் நார்தம்பர்லாண்ட் வெளக்குல சொன்னாங்க, அங்கேர்ந்து சேதி தந்தியில ஓடுச்சு, படகுங்க வந்துச்சு, அலை அடிச்சு திரும்பத் திரும்ப தொரத்திடுச்சு. ராத்திரி ஆனா குளிரு, தாகம், ஒவ்வொருத்தரா கை விட்டு தண்ணில விழுந்தாங்க. கடைசியில போர்ட்லாண்ட் லைஃப்போட் நெருங்கி மிச்சம் இருந்தவங்கள ஏத்திக்கிச்சு, கரை சேந்த ரெண்டு மாலுமிங்களயும் சேத்து மொத்தம் உயிரோட மிஞ்சுனது 24 பேரு. 89 பேரு போயிட்டாங்க. கப்பல் முட்டுனதுக்கு புயல் காரணமில்ல, ஆனா காப்பாத்த விடாம தடுத்தது அந்த அலைதான். மேல சொன்ன நீள அலை.

இனிமே லாக் ஆர்ட். கிளாஸ்கோவுல 1873ல கட்டுன மூணு பாய்மர இரும்புக் கப்பல். 1878 மார்ச் ஆரம்பத்துல இங்கிலாந்துலேர்ந்து கெளம்புச்சு, 54 பேரு. கேப்டன் ஜார்ஜ் கிப், வயசு 29, கல்யாணம் ஆயி சில வாரம்தான் ஆச்சு. சரக்கு என்னன்னு பாத்தா ஒரு ஊரோட ஆசைகளே தெரியும், பியானோ, கடிகாரம், குடை, வைக்கோல் தொப்பி, சென்ட்டு, மிட்டாய், கூடவே தண்டவாள இரும்பு, சிமெண்ட், ஈயம். பயணிங்கள்ல டாக்டர் கார்மைக்கேல் குடும்பம், அயர்லாந்துக்காரங்க, புருஷன் பொண்டாட்டி, கூட பசங்க ஆறு பேரு. அதுல ஒருத்திதான் ஏவா, 18, 19 வயசு.

மே 31 ராத்திரி கப்பல்ல பார்ட்டி. நாளைக்கு நெலம் பாக்கப்போறோம், பயணம் முடியப்போகுதுன்னு சந்தோஷம். கேப்டன் மட்டும் மேல டெக்ல நிக்கிறாரு, ஏன்னா பனி மூட்டம் நாள் கணக்கா கலையல, க்ரோனோமீட்டர் மேலயும் அவருக்கு முழு நம்பிக்கை இல்ல. ஆட்வே வெளக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கணும், தெரியல. விடிகாலை நாலு மணி வாக்குல மூட்டம் விலகுச்சு. விலகுனப்ப முன்னாடி கடல் இல்ல, வெளிறிப்போன செங்குத்துப் பாறை, ரெண்டு கிலோமீட்டருக்கும் கிட்டக்க. வெளக்கு முன்னாடி வரும்னு பாத்துக்கிட்டு இருந்தவருக்கு, கப்பல் நெனைச்சத விட ரொம்ப வடக்க வந்திருக்குன்னு அந்த நிமிஷந்தான் தெரிஞ்சிருக்கும்.

அவரு செஞ்சதுல எங்கயும் தப்பு சொல்ல முடியல. உடனே பாய் போட்டு திருப்பப் பாத்தாரு, வேகம் பத்தல. நங்கூரம் எறக்குனாரு, அடியில புடிக்காம இழுத்துக்கிட்டே போச்சு. நங்கூரத்த விட்டுட்டு மறுபடி பாய்ல திருப்பி வெளிய ஓடிடலாம்னு கடைசி முயற்சி, அது கிட்டத்தட்ட பலிச்சுது, முன்பக்கம் திரும்பிடுச்சுன்னே சொல்லலாம், அதுக்குள்ள மட்டன்பேர்ட் தீவு பக்கத்துப் பாறையில பக்கவாட்டுல இடிச்சுடுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு அலைக்கும் கப்பல் ஆடுறப்ப பாய்மரத்து மேல இருந்த குறுக்குக் கட்டைங்க அந்த மலைப்பாறையில போய் மோதி ஒடைஞ்சு ஆளுங்க மேலயே விழுந்துச்சு. பத்து பதினஞ்சு நிமிஷம்தான், கப்பல் போயிடுச்சு. நீ பொழைச்சுட்டா, நான் ஒரு மாலுமி மாதிரிதான் செத்தேன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லுன்னு கேப்டன் சொன்னதா ஏவா பின்னாடி சொன்னாங்க.

டாம் பியர்ஸ், 18 வயசு, கப்பல்ல வேலை கத்துக்கிட்டு இருந்த அப்ரெண்டிஸ், கவுந்த லைஃப்போட்ட புடிச்சுக்கிட்டு அலையோட போக்குல பாறைங்களுக்கு நடுவுல ஒரு சந்துக்குள்ள வந்து சேந்தான். சந்துன்னா ரெண்டு பக்கமும் செங்குத்து மதில், கடைசியில சின்னதா ஒரு மணல் கரை. நான் அந்த மணல்ல நின்னு பாத்திருக்கேன், வாய் அவ்வளவு குறுகல், வெளிய நின்னு பாத்தா உள்ள இப்படி ஒரு கரை இருக்குன்னே தெரியாது. அவன் நூறு அடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளியிருந்தா வெறும் பாறைதான். கொஞ்ச நேரத்துல தண்ணில ஒரு கூக்குரல் கேட்டுது. ஏவா, மொதல்ல கோழிக்கூண்ட புடிச்சுக்கிட்டு, அப்புறம் ஒரு மரக்கட்டைய புடிச்சுக்கிட்டு அஞ்சு மணி நேரமா மெதந்துக்கிட்டு இருந்திருக்கா. ஜூன் மாசம், குளிர் தண்ணி. இவன் அப்பத்தான் உயிர் பொழைச்சு கரையேறியிருக்கான், மறுபடி எறங்கி நீந்திப் போய் அவள இழுத்துக்கிட்டு வந்தான், ஒரு மணி நேரம் ஆச்சாம். ஒரு குகையில படுக்க வச்சு, கரை ஒதுங்குன பிராந்தி பாட்டில ஒடைச்சு ரெண்டு வாய் குடுத்து, கொஞ்சம் அசந்துட்டு, அப்புறம் அந்த மதில்ல ஏறி மேல போய் குதிரைக் கொளம்புத் தடம் பாத்து நடந்து க்ளெனாம்பிள் பண்ணை ஆளுங்கள கண்டுபிடிச்சான்.

52 பேரு போயிட்டாங்க. ஏவாவோட அப்பா, அம்மா, அக்கா தங்கச்சிங்க மூணு பேரு, அண்ணன் தம்பிங்க ரெண்டு பேரு, ஏழு பேரும் ஒரே காலைல. நாலு ஒடம்பத்தான் எடுத்து மேல இருக்கிற சின்ன இடுகாட்டுல பொதைச்சாங்க, அதுல ஏவாவோட அம்மாவும் ஒரு சகோதரியும் இருக்காங்க. அந்த கல்லறை பக்கத்துல நின்னா கீழ அலைச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். பேப்பர்க்காரங்களும் ஜனங்களும் இந்த ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசைப்பட்டாங்க, இன்னிக்கும் கதைய கேக்குறவங்க மொதல்ல அதத்தான் கேப்பாங்க. அப்படி நடக்கல. ஏவா அந்த பண்ணை வீட்டுல ஒடம்பு தேறி அயர்லாந்துக்கே திரும்பிட்டாங்க, அங்க டவுன்ஷெண்டுங்கற வேற ஒருத்தர கட்டிக்கிட்டாங்க. மொத்தக் குடும்பத்தையும் இழந்த பொண்ணுகிட்ட ஊரு காதல் கதை எதிர்பாத்தது எனக்கு எப்பவும் உறுத்தும். டாமுக்கு விக்டோரியன் ஹியூமேன் சொசைட்டி தங்கப் பதக்கம் குடுத்துச்சு, அந்த பையன் மறுபடி கடலுக்கே போனான், மறு வருஷமே லாக் சுனார்ட்டுங்கற இன்னொரு கப்பலும் அயர்லாந்து கரையில இடிச்சுது, அதுலயும் பொழைச்சான். பின்னாடி கேப்டனாவும் ஆனாரு.

அந்த சரக்குல ஒரு பெட்டி தானா கரை ஒதுங்குச்சு. உள்ள மின்டன் கம்பெனி செஞ்ச பீங்கான் மயில், ஒண்ணரை மீட்டர் உயரம், 1880ல நடக்கவிருந்த மெல்போர்ன் கண்காட்சிக்காக அனுப்புனது. இரும்புக் கப்பல் தூள் தூளா போன அதே தண்ணில அந்த பீங்கான் மயிலுக்கு அலகுல சின்னதா ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். இப்ப வார்ணம்பூல்ல இருக்கிற ஃப்ளாக்ஸ்டாஃப் ஹில் மியூசியத்துல நிக்குது. நான் போனப்ப அந்த கழுத்து நீலத்த பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுட்டேன், உயிரில்லாத பொருளுக்குக் கெடைச்ச அதிர்ஷ்டம் அந்த 52 பேருக்குக் கெடைக்கல.

மத்தத சுருக்கமா சொல்றேன். ஃபிஜி, 1891 செப்டம்பர், ஹாம்பர்க்லேர்ந்து மெல்போர்ன் வந்தது, ஆட்வே வெளக்கு இருக்கிற திசைய கணக்கு போட்டதுல பிழை, மூன்லைட் ஹெட் பக்கம் ஏறிடுச்சு, கப்பல் ஆளுங்க 11 பேரும் காப்பாத்தப் போன ஆர்தர் வில்கின்சனும் செத்தாங்க. ஃபால்ஸ் ஆஃப் ஹாலடேல், 1908 நவம்பர், பீட்டர்பரோ கிட்ட, நியூயார்க்லேர்ந்து வந்தது, அடர்ந்த மூட்டம், கேப்டன் நெனைச்ச எடம் ஒண்ணு இருந்த எடம் ஒண்ணு. 29 பேரும் படகுல எறங்கி கரை சேந்துட்டாங்க, பாயெல்லாம் விரிச்சபடியே கப்பல் பாறையில வாரக்கணக்குல நின்னுச்சு, ஜனங்க கூட்டம் கூட்டமா வந்து பாத்தாங்க. அதுல கூரைக்குப் போடுற ஸ்லேட் கல்லு 56,000க்கு மேல, 1980கள்ல டைவருங்க கொஞ்சத்த வெளிய எடுத்து, அந்த ஃப்ளாக்ஸ்டாஃப் ஹில்லுல கூரைக்கே போட்டுட்டாங்க. போய் சேர வேண்டிய வேலைக்கு எண்பது வருஷம் லேட்டா போய் சேந்த கல்லுங்க. 1940ல ஆட்வே பக்கத்துல சிட்டி ஆஃப் ரேவில்ங்கற அமெரிக்க சரக்குக் கப்பல் முங்குனது வேற வகை, ஜெர்மன்காரங்க போட்டு வச்ச கண்ணிவெடி, இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்கா இழந்த மொதல் வணிகக் கப்பல் அதுதான்.

விக்டோரியா கரை முழுக்க கணக்கு 600 கப்பலுக்கு மேல சொல்றாங்க, அதுல பாதிக்கும் கொறைவாத்தான் எங்க கெடக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. லாக் ஆர்டே 1967லதான் டைவருங்க கையில சிக்குச்சு, சிக்குன ஒடனே ஆளாளுக்கு உள்ள எறங்கி அள்ளிட்டு போனாங்க, அது பெரிய கொள்ளை. 1976ல தேசிய சட்டம் வந்துச்சு, இப்ப 2018 சட்டத்துப்படி 75 வருஷம் ஆன கப்பல் எதுவா இருந்தாலும் தானாவே பாதுகாப்புக்குள்ள வந்துடும், கண்டுபிடிக்காம கெடந்தாலும் சரி. கடலுக்கடியில ஒரு பீங்கான் துண்டு கெடந்தாக்கூட எடுக்கக் கூடாது, எடுத்துட்டா அது வெறும் ஒடைஞ்ச தட்டு, கெடக்குற எடத்துல இருந்தாத்தான் கப்பல் எந்தப் பக்கம் சாஞ்சுது, எப்படி ஒடைஞ்சுதுன்னு சொல்லும்.

அப்ப புயலுக்கு வேலையே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. கப்பல பாறைக்கு கொண்டு போறது பெரும்பாலும் மனுஷன் போட்ட கணக்கு, கொண்டு போனதுக்கப்புறம் மிச்சம் வைக்காம அரைக்கிறது அந்த கடல். அதனாலதான் அங்க முழு கப்பலா எதுவும் கெடைக்காது, கனமான இரும்புதான் மிஞ்சும். அங்க போற யோசனை இருந்தா மூன்லைட் ஹெட் பக்கத்துல ரெக் பீச்னு ஒரு எடம், 350 படிக்கு மேல எறங்கணும், தண்ணி நல்லா வத்தியிருக்கிற நேரம் பாத்துத்தான் போகணும், மத்த நேரம் அலை படி வரைக்கும் வந்துடும். பாறை மேல ரெண்டு நங்கூரம் நிக்கும், ஒண்ணு ஃபிஜியோடது, இன்னொண்ணு 1869ல சீனாவுலேர்ந்து தேயிலை ஏத்திக்கிட்டு வந்த மேரி கேப்ரியல்ங்கற பிரெஞ்சுக் கப்பலோடது. கிட்ட போய் பாத்தீங்கன்னா துரு ஏடு ஏடா உரிஞ்சு, மரத்துப் பட்டை மாதிரி இருக்கும், ஒரு கொக்கி கல்லுக்குள்ள புதைஞ்சே போச்சு. தண்ணி ஏறத் தொடங்குனதும் மொதல்ல நனையுறது அந்த நங்கூரத்தோட அடிதான், அத பாத்ததும் திரும்பி நடக்க ஆரம்பிச்சுடுங்க.